லாக் நம்பர் வந்த பிறகு

நவம்பர் 17, 2024, ஞாயிறு

நியூயார்க் ஃப்ளஷிங்கில் புதிதாக எழும்பும் கட்டடத்தில், குலுக்கல் முறையில் கொடுக்கும் குறைந்த வாடகை வீட்டுக்கு மனு போட்டாயிற்று. ஹவுசிங் கனெக்ட் என்கிற நகர இணையதளத்தில் மனு போட ஒரு சென்ட் செலவில்லை. காசு கேட்கிறவன் எவனும் ஏமாற்றுக்காரன்தான். வீட்டில் எத்தனை பேர், வருஷ வருமானம் என்ன, இப்போது எங்கே இருக்கிறோம், இவ்வளவுதான் கேட்டார்கள். காகிதமெல்லாம் பிறகுதானாம்.

மூன்று பேர் குடும்பம் என்றால் வருமானம் 83,880 டாலரைத் தாண்டக் கூடாது. ஏஎம்ஐ என்று சொல்கிற வட்டார நடுத்தர வருமானம் இந்த வருஷம் மூன்று பேருக்கு 1,39,800 டாலர்; அதில் அறுபது சதவீதம். கீழேயும் ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் குறைந்தால் வாடகை கட்ட வக்கில்லை என்று தள்ளிவிடுவார்கள். இவர் ஆப் கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறார், நான் ஹோம் அட்டென்டன்டாக முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக உட்காருகிறோம்.

இரண்டு பெட்ரூம். எங்கள் பேஸ்மென்டில் ஜன்னல் என்பது கூரையை ஒட்டி ஒரு முழ நீளக் கண்ணாடி. நடு மத்தியானத்திலும் லைட் போட்டுத்தான் மகள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

ஜனவரி 14, 2025

மனு வாங்குவது முடிந்துவிட்டது. இனி குலுக்கல்.

எங்கள் தொழிலில் குறைந்தபட்சக் கூலி இந்த மாதத்திலிருந்து மணிக்கு 19.10 டாலர். 55 சென்ட் கூடியிருக்கிறது. கூட வேலை பார்க்கிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பெருக்கிப் பார்த்தேன். வாரம் நாற்பது மணி நேரம், வருஷத்துக்கு 39,728. இன்னும் வரம்புக்குள்தான் இருக்கிறோம். கூலி கூடியதும் முதலில் பயம் வருகிறது என்றால் இது என்ன ஏற்பாடு?

மார்ச் 8

லாக் நம்பர், அதாவது குலுக்கலில் எங்கள் மனுவுக்கு விழுந்த வரிசை எண், வந்துவிட்டது. ஆறாயிரத்துச் சொச்சம். வீடுகளோ அறுபது சொச்சம்.

இவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு பௌன் ஸ்ட்ரீட் பிள்ளையார் கோவில் கேன்டீனில் தெரிந்த அண்ணன் ஒருவர்தான் தெம்பு சொன்னார். “நம்பரை மட்டும் பாக்காதீங்கம்மா. எந்த கோட்டான்னு பாருங்க.” கட்டடம் நகரத்தின் எந்த வட்டாரப் பிரிவில் (கம்யூனிட்டி டிஸ்ட்ரிக்ட்) வருகிறதோ அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு. நகர ஊழியர்களுக்கு 5. நடமாட்டம் முடியாதவர்களுக்கு 5, பார்வை அல்லது செவித் திறன் குறைந்தவர்களுக்கு 2. நாங்கள் இதே வட்டாரத்துக்காரர்கள், ஆகவே அந்த 20-க்குள் எங்கள் நம்பர் தனியாக எண்ணப்படும்.

முன்பு உள்ளூர்க்காரர்களுக்குப் பாதி வீடு. அது நகரத்தை இனவாரியாகப் பிரித்தே வைத்திருக்கிறது என்று 2015-இல் வழக்குப் போட்டார்கள். 2024 ஜனவரியில் சமரசமாகி 20 ஆயிற்று, 2029-இல் 15 ஆகும். எனக்கு நஷ்டம்தான். ஆனாலும் வழக்குப் போட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வசதியான ஏரியாவில் கட்டுகிற வீட்டில் பாதி அங்கே இருக்கிறவர்களுக்கே போனால் வெளியே இருக்கிறவன் உள்ளே வருவது எப்போது?

ஏப்ரல் 27

அம்மா பாளையங்கோட்டையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாள், “என்னட்டி, வீடு கெடச்சிட்டா?” அங்கே என்றால் குலுக்கல் அன்றைக்கே தெரிந்துவிடும் என்கிறாள். இங்கே குலுக்கல் முடிந்தபிறகுதான் காத்திருப்பே தொடங்குகிறது என்பதை அவளுக்கு விளங்க வைக்க முடியவில்லை.

நாங்கள் அமெரிக்கா வந்ததே ஒரு க்யூவில் நின்றுதான். இவருடைய அக்கா 2004-இல் போட்ட மனு, 2019-இல்தான் எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் அந்த க்யூவில் மாதாமாதம் விசா புல்லட்டின் வரும். எந்தத் தேதி வரை கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் நகர்ந்தது, ஒரு வாரம் நகர்ந்தது, அசையவே இல்லை என்று ஏதோ ஒன்று தெரியும். இங்கே என் நம்பர் தெரிகிறது, எத்தனையாவது நம்பரில் இருக்கிறார்கள் என்பது தெரிவதில்லை. அந்த ஒரு எண்ணைத் திரையில் போட எவ்வளவு செலவாகும்? எத்தனை வீட்டில் தூக்கம் வரும்!

ஜூன் 11

ஆபீஸிலிருந்து போன். வேலைக்கு வரும் பெண் ஊருக்குப் போகிறாளாம், சனி ஞாயிறு இரண்டு மாதத்துக்குப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். ஒன்றரை மடங்கு கூலி. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வருமானத்தை அவர்கள் கணக்குப் பார்ப்பது காகிதம் கேட்கிற நேரத்தில் இருக்கும் பே ஸ்டப்பை, சம்பளச் சீட்டை, வைத்து. அந்த வாரங்களில் ஓவர்டைம் விழுந்தால் அதையே வருஷம் முழுக்க நீட்டிப் பெருக்கிவிடுவார்களோ என்று பயம். எப்போது கேட்பார்கள் என்று தெரியாததால் எல்லா வாரமும் அந்த வாரம்தான். மகளின் கோடை கேம்ப்புக்கு அந்தப் பணம் ஆகியிருக்கும்.

ஜூலை 15

கூப்பிட்டுவிட்டார்கள்!

காலை பத்தே காலுக்கு மெயில். பத்து நாளில் எல்லாக் காகிதமும் ஏற்ற வேண்டும். தொடர்ச்சியாக ஆறு பே ஸ்டப், டாக்ஸ் ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட், மூன்று பேரின் பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, மகளின் பள்ளிக் கடிதம், விலாசத்துக்கு ஆதாரம். கிரெடிட் என்கிற கடன் வரலாற்றைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பன்னிரண்டு மாத வாடகை ஒழுங்காகக் கட்டியதற்கு ஆதாரம் காட்டலாம் என்று நல்ல விதி ஒன்று இருக்கிறது. எங்களுக்கு உதவாது. வீட்டுக்காரர் ரொக்கமாகத்தான் வாங்குவார், ரசீது தர மாட்டார், கரன்ட் பில்லும் அவர் பெயரில். இதே பேஸ்மென்டில் வருஷக்கணக்காக இருக்கிறோம், இருப்பதற்குச் சாட்சி பேங்க் கடிதம் மட்டும்தான்.

இவர் லைப்ரரியில் ஸ்கேன் செய்துகொண்டு வந்தார். இரவு ஒன்றரை மணிக்கு எல்லாம் ஏற்றி முடித்தோம்.

செப்டம்பர் 1

ஐடா புயல் மழை கொட்டி இன்றோடு நான்கு வருஷம். அன்றைக்கு நகரத்தில் இறந்தவர்கள் 13 பேர், அதில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில். பெரும்பாலும் எங்கள் குவீன்ஸில்தான். எங்கள் கதவடியில் தண்ணீர் கணுக்கால் வரை வந்து நின்றது. வாசல் ஒன்றே ஒன்று.

இன்னமும் ஏன் அங்கேயே இருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். 2023-இல் நகரம் எடுத்த கணக்கில் வாடகைக்குக் காலியாக இருந்த வீடுகள் 1.41 சதவீதம். 1968-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை. எங்கே போவது?

செப்டம்பர் 23

தள்ளிவிட்டார்கள். “வருமானம் வரம்புக்கு மேல்.” இரண்டு வரிக் கடிதம்.

ஓவர்டைமை வேண்டாம் என்று சொல்லி, சம்பளத்தை அளந்து அளந்து வாழ்ந்த எங்களுக்கா வரம்புக்கு மேல்? அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. மேல்முறையீடு செய்யப் பத்து வேலை நாள் அவகாசம்.

செப்டம்பர் 27

ஹவுசிங் அம்பாசடர் என்று இலவசமாக உதவுகிற அமைப்புகள் இருக்கின்றன. அங்கே ஒரு பெண் எங்கள் காகிதங்களைப் பரப்பிப் போட்டு ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தார். இவருடைய டாக்ஸ் ரிட்டர்னில் ஷெட்யூல் சி என்று, சொந்தத் தொழில் வரவு செலவுக்கு ஒரு பக்கம். அதன் முதல் வரியில் 71,000 சொச்சம். பயணிகள் கொடுத்த மொத்தக் கட்டணம் அது, ஆப் கம்பெனி எடுத்துக்கொள்ளும் பங்கும் அதில் அடக்கம். அதிலிருந்து கம்பெனி பங்கு, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், டிஎல்சி (நகர டாக்ஸி ஆணையம்) நம்பர் வண்டிக்கான லீஸ் எல்லாம் போக, 31-ஆம் வரியில் நிற்பது 37,900 சொச்சம். அதுதான் எங்கள் கைக்கு வந்தது. கட்டடத்துக்காரர்கள் வைத்திருக்கும் ஏஜென்ட், முதல் வரியை எடுத்து என் சம்பளத்தோடு கூட்டியிருக்கிறார். விதிப்படி பார்க்க வேண்டியது 31-ஆம் வரி.

அந்தப் பெண் மஞ்சள் மார்க்கரால் அந்த வரியைக் கோடிட்டார். கடிதத்தை அவரே அடித்துக் கொடுத்தார், நான் கையெழுத்துப் போட்டேன். இந்த வட்டாரத்தில் வண்டி ஓட்டுகிற குடும்பங்கள் எத்தனை! “வரம்புக்கு மேல்” என்று படித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டவர்கள் எத்தனை பேரோ.

நவம்பர் 5

நேற்று மேயர் தேர்தல். மம்தானி ஜெயித்துவிட்டார். தேர்தல் முழுக்க வாடகைப் பேச்சுதான், ரென்ட் ஸ்டெபிலைஸ்டு என்கிற, வாடகை உயர்வுக்குக் கட்டுப்பாடு உள்ள வீடுகளுக்கு வாடகை ஏற்ற விடமாட்டேன் என்றார். லாட்டரி வீடுகளும் அந்த வகைதான். ஆனால் முதலில் வீடு வேண்டுமே.

நவம்பர் 22

மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். தவறு நடந்ததாக ஒரு வார்த்தை இல்லை. “உங்கள் மனு மீண்டும் பரிசீலனையில்.” கூடவே இன்னொன்று: ஜூலையில் கொடுத்த பே ஸ்டப்கள் பழசாகிவிட்டன, புதிதாக ஆறு வேண்டும், பேங்க் ஸ்டேட்மென்டும் புதிது வேண்டும். தாமதம் அவர்களுடையது, பழசானது எங்கள் காகிதம்.

அடுத்த வாரம் தேங்க்ஸ்கிவிங். ஜேஎஃப்கே, லாகார்டியா இரண்டிலும் ராத்திரி பகலாகச் சவாரி கிடைக்கும் வாரம். இவர் ஓட்டட்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டார். ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். செலவு போகப் பார்த்தால் வரம்புக்கு இன்னும் ஆறாயிரம் டாலர் இடம் இருக்கிறது, இந்தத் தடவை நானே கூட்டிக் கழித்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதையும் சேர்த்தே அனுப்பப் போகிறேன்.

மேல் தளத்து அக்கா குவீன்ஸ் ஜமைக்காவில் வருகிற கட்டடத்துக்கு மனு போட வேண்டுமாம், நாளைக்கு வந்து கூட உட்காரச் சொல்லியிருக்கிறார். அவர் கணவரும் வண்டிதான் ஓட்டுகிறார். டாக்ஸ் காகிதத்தை முதலில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.