பங்க் இருந்த மனை: மண் சாம்பிள் முதல் ரிப்போர்ட் வரை

பெட்ரோல் பங்க் இருந்த மனையில் டேங்கைத் தோண்டி எடுத்த பிறகு மண்ணைச் சோதிக்க வேண்டியிருந்தது. முதல் தடவை ஜிப் கவரில் அள்ளி அனுப்பினோம். குழியோரம் நின்றாலே மூக்கைத் துளைக்கும் வாடை. ரிப்போர்ட்டிலோ பென்சீன் (பெட்ரோலில் இருக்கும், எளிதில் ஆவியாகும் நச்சுப் பொருள்) ‘கண்டறியும் அளவுக்குக் கீழே’. லேப் தப்பாக அளக்கவில்லை. மண் அங்கே போய்ச் சேருவதற்குள் பென்சீன் பறந்துவிட்டது, பிளாஸ்டிக் கவர் அந்த ஆவியைப் பிடித்து வைக்காது. இரண்டாம் தடவை எல்லாவற்றையும் மாற்றினோம்.

லேபுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது. அங்கீகாரப் பட்டியலில் ‘மண்’ என்ற தலைப்பின் கீழ் நமக்கு வேண்டிய சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்கு மட்டும் வாங்கியிருந்தால் பயனில்லை. நாங்கள் கேட்டது பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், ஈயம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில்தான் முழுமையாக நின்றது. அதற்கு முன்பிருந்தே ஓடிய பங்க் என்றால் ஈயத்தை விடாதீர்கள்.

டேங்கின் அடி, பைப் இணைப்பு, பம்புக்குக் கீழே, லாரியிலிருந்து இறக்கும் வாய் என்று கசியக்கூடிய இடங்களில் எடுத்தோம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள அடுக்கு முக்கியம். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, அங்கே வந்துதான் தேங்கிப் பரவும். நாலு இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து அனுப்புவது ஈயத்துக்குச் சரி, பெட்ரோலுக்கு ஆகாது. கலக்கும்போதே ஆவி போய்விடும்.

குழிக்குள் யாரும் இறங்கவில்லை. ஜேசிபி பக்கெட்டில் வந்த மண்ணின் மேல்பரப்பைச் சுரண்டிவிட்டு, நுனி வெட்டிய 10 மில்லி சிரிஞ்சைப் புது மண்ணில் குத்தி, 5 கிராம் அளவை 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் இருந்த 5 மில்லி மெத்தனாலுக்குள் தள்ளினோம். குத்தியதும் தாமதிக்காமல் மூட வேண்டும். அதற்கு முன் குப்பியின் மரையைத் துடைக்க மறக்காதீர்கள். ஒரு மணல் பருக்கை இருந்தாலும் மூடி இறுகாது. மெத்தனாலோடு பென்சீனும் கசிந்துவிடும். குப்பி லேபிலேயே எடை போட்டு வருவது. அதன்மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினால் மண்ணின் எடைக் கணக்கே கெட்டுவிடும். மார்க்கர் பேனாவும் வேண்டாம், அதன் மையிலேயே டொலுவீன், சைலீன் இருக்கலாம். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் லேபிளில் பென்சிலால் எழுதினால் போதும். மெத்தனால் தீப்பற்றும், விஷமும்கூட. கையுறை கட்டாயம், விமானக் கூரியரில் சாதாரண பார்சலாக எடுக்க மாட்டார்கள், நாங்கள் காரில் கொண்டுபோனோம்.

அதே இடத்து மண்ணை 250 மில்லி பழுப்புக் கண்ணாடி ஜாடியிலும், டெஃப்ளான் பதித்த மூடியோடு, விளிம்புவரை நிரப்பிக் கொடுக்க வேண்டும். டீசல், ஆயில், ஈரப்பதம் எல்லாம் இதில்தான் பார்ப்பார்கள். சாம்பிள் கொண்டுபோகும் ஐஸ் பெட்டிக்குள் 4 டிகிரி இருக்கட்டும். ஐஸை இரட்டைக் கவரில் கட்டாவிட்டால் உருகும் தண்ணீரில் லேபிள் ஊறி எழுத்து போய்விடும். மண் போடாத ஒரு மெத்தனால் குப்பியும் கூடவே போய்வர வேண்டும். அதில் பென்சீன் வந்தால் அது வண்டியிலிருந்தோ பெட்டியிலிருந்தோ வந்தது.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அளவு உலர்ந்த எடைக்கா ஈர எடைக்கா என்பது. ஈரம் 20 சதவீதம் என்றால் ஈர மண்ணில் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்பது உலர்ந்த கணக்கில் 100. அடுத்து, சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க லேப் தானே தெரிந்த அளவில் சேர்த்த அடையாளப் பொருள் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது என்பதைக் கேளுங்கள். பாதிகூட வரவில்லை என்றால் மற்ற எண்களையும் நம்ப முடியாது.

எண்ணோடு குரோமட்டோகிராம் வரைபடத்தையும் வாங்குங்கள். மண்ணில் உள்ள பொருள்கள் லேசானதிலிருந்து கனமானது வரை பிரிந்து வருவதைச் சிகரங்களாகக் காட்டும் படம் அது. பெட்ரோல் என்றால் ஆரம்பத்திலேயே கூர்மையான சிகரங்கள் நெருக்கமாக வரும். டீசல் நடுவில் மேடாகி, மேட்டின்மேல் சீப்புப் பல் போல வரிசையாக நிற்கும். இலைச் சருகு மக்கிய மண்ணும் ஆயில் பகுதியில் பெரிய எண்ணைக் காட்டும். கசிவே இல்லாத மூலையில் எடுத்த எங்கள் ஒப்பீட்டு மாதிரியில் அப்படித்தான் வந்தது. வரைபடத்தில் 27, 29, 31 கார்பன் அணுக்கள் கொண்ட பொருள்களின் சிகரங்கள் மட்டும் தனியாக உயர்ந்திருந்தன. அது இலை மெழுகின் அடையாளம். பெட்ரோலிய எண்ணெயில் ஒற்றைப்படை எண்ணிக்கைக்கு அப்படித் தனிச் சலுகை கிடையாது. லேப் மண்ணிலிருந்து சாறு வடித்து 40 நாளுக்குள் என்றால், அந்தச் சாற்றைச் சிலிக்கா ஜெல்லில் சுத்தப்படுத்தி மறுபடி சோதிக்கச் சொல்லலாம். செடி கொழுப்பு அமிலங்கள் அதில் நின்றுவிடும், மெழுகு நிற்காது. அதனால் அப்போதும் வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.