பல கைகள் தேய்க்கும் ஓர் ஆடி: ஆறு அங்குலத் தொலைநோக்கி, இதுவரை நடந்த வேலை

150 மில்லிமீட்டர் விட்டமும் 1,200 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட ஒரு குழியாடியை வெறும் கண்ணாடி வட்டிலிருந்து கையாலேயே தேய்த்து எடுத்து, அதைக் கொண்டு நியூட்டன் வகைத் தொலைநோக்கி (குழியாடி குவிக்கும் ஒளியைச் சிறு துணை ஆடி ஒன்று பக்கவாட்டில் திருப்பும் வகை) ஒன்றை அமைப்பதென்று நண்பர்கள் நால்வர் சேர்ந்து தொடங்கிய வேலை, மெருகேற்றும் கட்டத்தைத் தாண்டி இப்போது பரப்பின் வடிவத்தைத் திருத்தும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. நால்வரில் ஒருவர் மரவேலையில் தேர்ந்தவர். ஒருவர் மின்னணுக் கருவிகளைப் பிரித்துப் பூட்டுவதில் ஆர்வமுள்ளவர். இன்னொருவர் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை. நான்காவது நான், வானத்தைப் பார்ப்பதில் நெடுநாள் விருப்பம் உடையவன். ஆடி தேய்ப்பது பொதுவாகத் தனியொருவரின் பொழுதுபோக்காகவே பேசப்படுகிறது. கூட்டாகச் செய்தால் வேலை கெட்டுவிடும் என்று எங்களிடமே சிலர் எச்சரித்தார்கள். எந்தக் கட்டத்தில் பல கைகள் நன்மை செய்கின்றன, எந்தக் கட்டத்தில் ஒரு கை மட்டுமே தொட வேண்டும் என்பதில் எங்களுக்கு இப்போது ஒரு தெளிவு கிடைத்திருப்பதால், அதை முதன்மையாக வைத்து இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

ஆடி தேய்ப்பதன் அடிப்படை மிக எளியது. இரண்டு தட்டுகளுக்கு இடையே ஈரமான தேய்தூளை இட்டு, மேலே உள்ள கண்ணாடியை முன்னும் பின்னும் தள்ளி, அவ்வப்போது அதைச் சற்றே திருப்பி, மேசையைச் சுற்றி அடி அடியாக நகர்ந்துகொண்டே தேய்த்தால், மேலே உள்ளது குழிந்துகொண்டும் கீழே உள்ளது குவிந்துகொண்டும் போகும். மேல்தட்டு விளிம்பைத் தாண்டி வெளியே நீளும்போது, அழுத்தம் மேல்தட்டின் நடுப்பகுதியிலும் கீழ்த்தட்டின் விளிம்பிலும் சேர்வதுதான் இதற்குக் காரணம். எந்தப் பக்கம் திருப்பினாலும், எங்கே நகர்த்தினாலும், இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கக்கூடியவை கோளப் பரப்புகளே என்பதால், இரண்டு தட்டுகளும் தாமாகவே கோளத்தை நோக்கிச் செல்கின்றன. எங்கள் கீழ்த்தட்டு, பிளாஸ்டர் வார்ப்பின் மேல் சிறு பீங்கான் ஓடுகளை எபாக்சிப் பசையால் ஒட்டிச் செய்தது. அதை வார்த்தவர் மரவேலை நண்பர்.

இங்கேதான் பல கைகளின் நன்மை தெரிகிறது. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் தள்ளும்போது அழுத்துவார், இழுக்கும்போது தளர்த்துவார். இன்னொருவரின் வீச்சு எப்போதும் இடப்பக்கம் சாயும். தனியாகத் தேய்ப்பவர் இந்தப் பழக்கத்தை ஒழிக்கத் தன்னைத் தானே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் ஒவ்வோர் ஈடு தூளுக்கும் ஆளை மாற்றினோம். ஒருவரின் சாய்வை அடுத்தவரின் சாய்வு ஈடுகட்டிவிட்டது. கோளம் உருவாவதற்குத் தேவையானது ஒழுங்கான அசைவு அன்று, ஒழுங்கற்ற அசைவுதான் என்பதால், முரட்டுத் தேய்ப்பு முதல் நுண்தேய்ப்பு வரை நால்வர் தேய்ப்பது ஒருவர் தேய்ப்பதைவிட நல்லது என்றே நான் உறுதியாகச் சொல்வேன்.

80ஆம் எண் சிலிக்கான் கார்பைடு தூளில் தொடங்கினோம்; எண் கூடக்கூடத் தூள் நுண்மையாகும். நடுவில் எட்ட வேண்டிய ஆழம் 1.17 மில்லிமீட்டர் மட்டுமே. ஆடியின் ஆரையின் (விட்டத்தில் பாதியின்) வர்க்கத்தை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். வளைவு ஆரம் குவியத் தொலைவின் இரு மடங்கு, அதாவது எங்களுக்கு 2,400 மில்லிமீட்டர். எஃகு அளவுகோலை ஆடியின் குறுக்கே நிறுத்தி, அதன் அடியில் இடைவெளித் தகடுகளை நுழைத்துப் பார்த்து ஆழத்தை அளந்தோம். தூளை இட்டதும் எழும் ஒலியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். புதுத் தூள் கரகரவென்று அறை முழுவதும் கேட்கும்படி அரைக்கும். தூள்மணிகள் உடைந்து பொடியாகப் பொடியாக அந்த ஒலி தணிந்து, கடைசியில் ஈரத் துணியை இழுப்பது போன்ற ஒரு சரசரப்பு மட்டும் எஞ்சும். அப்போது கைக்கும் வேறுபாடு தெரியும்: கண்ணாடி வழுக்கத் தொடங்கும், நடுவில் நீர் வற்றினால் பிடித்து இழுக்கும். அடுத்த ஈடு தூள் இட வேண்டிய நேரத்தைக் கடிகாரத்தைப் பார்க்காமல் காதால் கேட்டே முடிவு செய்ய நால்வரும் விரைவில் பழகிவிட்டோம்.

ஒரு தூளிலிருந்து அடுத்த நுண்தூளுக்கு மாறும்போது செய்யும் கழுவுதல்தான் கூட்டு வேலையில் மிகக் கவனம் தேவைப்படும் இடம். முந்தைய தூளின் ஒரே ஒரு மணி தப்பித்து வந்தாலும், அது நுண்பரப்பில் நீளமாக ஒரு கீறலைப் போட்டுவிடும்; அந்தக் கீறலை எடுக்க மீண்டும் பழைய தூளுக்கே திரும்ப வேண்டும். ஆகவே ஆசிரியை ஒரு விதி வகுத்தார்: தேய்த்தவர் கழுவக் கூடாது, வேறொருவர்தான் கழுவ வேண்டும்; கழுவியதை மூன்றாமவர் பார்த்த பிறகே புதுத் தூள் டப்பா திறக்கப்படும். மேசை, வாளி, நகக்கண், சட்டைக் கை எல்லாம் இதில் அடங்கும். பழைய செய்தித்தாளை எடுத்தெறிந்து புதிதாக விரிப்பதும் இதில் ஒரு பகுதி. இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தேய்த்த சேற்றைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றக் கூடாது. அது அடியில் படிந்து இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, வண்டலைத் தனியே எடுத்துப் போட வேண்டும். தூள் காய்ந்து பறக்கவும் விடக் கூடாது. மூச்சுக்குள் போகும் நுண்துகள் நுரையீரலுக்குத் தீங்கு.

80, 120, 220, 320 என்று எண் ஏறஏற, பரப்பு சாம்பல் பூத்த கண்ணாடியாக மென்மையாகிக்கொண்டே வந்தது. விளிம்பில் வெட்டியிருக்கும் சாய்வு ஒவ்வொரு கட்டத்திலும் தேய்ந்து குறுகுவதால், ஈரச் சாணைக்கல்லால் அதை அடிக்கடி புதுப்பித்தோம்; சாய்வு இல்லாத கூர்விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும், பெயர்ந்த சில்லு உள்ளே புகுந்தால் கீறல் நிச்சயம். அதன் பிறகு அலுமினியம் ஆக்சைடு நுண்தூள்கள். இந்தக் கட்டத்தின் முடிவில் எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. மின்னணு நண்பர் மெருகேற்றலுக்குப் போகலாம் என்றார். ஆசிரியை உருப்பெருக்கியால் விளிம்பை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நடுவுல எல்லாம் சரியா இருக்கு, ஓரத்துல இன்னும் பெரிய குழிகள் இருக்கு, நீங்களே பாருங்க" என்று கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினார். அவரும் பார்த்தார், மறுபேச்சில்லாமல் நுண்தூள் டப்பாவை மீண்டும் எடுத்தார். நுண்தேய்ப்பில் விட்டுவைத்த ஒரு குழியை மெருகால் எடுப்பதற்குப் பல மடங்கு நேரம் ஆகும் என்பதால், அன்று பொறுத்தது மிகச் சரியான முடிவு.

மெருகேற்றுவதற்குத் தேய்தட்டின் மேல் கீலை (தார் போன்ற பிசின்) உருக்கி ஊற்றி, சதுரம் சதுரமாக வாய்க்கால்கள் வெட்டினோம். வாய்க்கால்களின் குறுக்குச் சந்திப்பு தட்டின் நடுவில் விழாதபடி ஒரு பக்கமாகத் தள்ளி வெட்ட வேண்டும். இல்லையெனில் அதே அமைப்பு ஆடியில் வளையங்களாகப் பதியும். கீல் ஒரு விந்தையான பொருள். சட்டென்று அடித்தால் கண்ணாடி போல உடைகிறது, மெதுவாக அழுத்தினால் குழைந்து ஆடியின் வளைவை அப்படியே ஏற்கிறது. அதனால்தான் சீரியம் ஆக்சைடு குழம்பை அதன் மேல் இட்டுத் தேய்க்கும்போது ஆடியின் பரப்பு முழுவதும் சீரான தொடுகை கிடைக்கிறது. அறையின் வெப்பம் மாறினால் கீலின் இறுக்கமும் மாறுவதால், ஒவ்வோர் அமர்வுக்கு முன்பும் ஆடியைக் கீலின் மேல் வைத்து எடை ஏற்றி, அது நன்றாகப் படியும்வரை காத்திருந்தோம்.

மெருகேறிய கண்ணாடிக்கு இன்னும் உலோகப் பூச்சு இல்லை. ஆனாலும் பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. சோதனைக்கு அது போதும். பிரெஞ்சு இயற்பியலர் லியோன் ஃபூக்கோ 1858இல் வெளியிட்ட கத்திமுனைச் சோதனையைத்தான் நாங்களும் செய்கிறோம். வளைவு மையத்தில் ஒரு நுண்பிளவின் பின்னால் விளக்கை வைத்து, அதன் ஒளி ஆடியில் பட்டுத் திரும்பிவந்து குவியும் இடத்தில் சவர அலகு ஒன்றைக் குறுக்கே மெல்ல நகர்த்தி, அலகின் பின்னாலிருந்து ஆடியைப் பார்ப்பதுதான் முறை. பரப்பு சரியான கோளமாக இருந்தால் ஆடி முழுவதும் ஒரே நொடியில் சீராகச் சாம்பல் நிறமாகும். மேடோ பள்ளமோ இருந்தால், பக்கவாட்டு வெளிச்சத்தில் மணல்மேடு தெரிவதுபோல நிழலோடு எழுந்து நிற்கும். மின்னணு நண்பர் ஒரு எல்.ஈ.டி. விளக்கு, மைக்ரோமீட்டர் திருகு, இரண்டு சவர அலகுகள் ஆகியவற்றைக் கொண்டு இந்தக் கருவியைச் செய்தார். நால்வரின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இந்தச் சோதனை எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்ட அவர் செய்த ஒன்றை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம். ஆடியின் நடுவில் கட்டைவிரலைச் சிறிது நேரம் அழுத்தி எடுத்துவிட்டு, எங்களைக் கத்திமுனையின் பின்னால் வந்து பார்க்கச் சொன்னார். விரல் பட்ட இடத்தில் கண்ணாடி சூட்டால் விரிந்து, தெளிவான ஒரு கொப்புளமாக நின்றது. விரலால் தடவினால் எதுவும் தெரியாத அந்த மேடு, கண்ணெதிரே மெல்ல மெல்லத் தணிந்து, ஓரங்கள் மங்கி, பின்பு இல்லாமல் போனது. அன்றிலிருந்து தேய்த்து முடித்தவுடன் அளக்கலாம் என்ற பேச்சே எழவில்லை. மறுநாள் வரை ஆறவிட்டுத்தான் அளக்கிறோம்.

கோளம் கிடைத்தவுடன் நிறுத்திவிடலாமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. நட்சத்திர ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கத் தேவையானது பரவளையம். எங்கள் அளவில் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் உள்ள வேறுபாடு, இரண்டையும் நடுவில் பொருத்தி விளிம்பில் பார்த்தால், 0.3 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. கோளமாகவே விட்டுவிட்டால் வரும் அலைமுகப் பிழை, அதாவது திரும்பும் ஒளியலை சரியான வடிவத்திலிருந்து விலகும் அளவு, பச்சை ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு; படம் கெடாமல் இருக்க ஆங்கில இயற்பியலர் ராலே வகுத்த எல்லையும் ஏறத்தாழ அதுதான். விட்டுவிட்டாலும் நிலவும் கோள்களும் நன்றாகவே தெரியும். ஆனால் இவ்வளவு தூரம் வந்த பிறகு எல்லைக்கோட்டில் நிற்கும் ஓர் ஆடியோடு மனநிறைவு அடைய எங்களில் யாருக்கும் விருப்பமில்லை. துணை ஆடியும் காற்றின் கலக்கமும் தத்தம் பங்குக்குப் பிழையைச் சேர்க்கும் என்பதால், முதன்மை ஆடியில் இயன்றவரை பிழையைக் குறைப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

தேய்ப்பில் பல கைகள் செய்த நன்மை இந்தத் திருத்தக் கட்டத்தில் தலைகீழாகிவிடுகிறது. பரவளையத்துக்கு நடுப்பகுதியைத் தெரிந்தே கூடுதலாக ஆழப்படுத்த வேண்டும். அதற்கு நீண்ட வளைந்த வீச்சுகளை ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் இட வேண்டும். இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று தேய்த்தால், எந்த வீச்சு எந்த மாற்றத்தைத் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மரவேலை நண்பர் மட்டுமே இப்போது ஆடியைத் தொடுகிறார். இழைப்புளி பிடித்துப் பழகிய அவருடைய கையின் அழுத்தம் எங்கள் யாருடையதையும்விடச் சீரானது. மற்ற மூவரும் அளக்கிறோம்.

அளப்பதில் மட்டும் பல கண்கள் இருப்பது பெரும் பேறு. ஆடியை மையத்திலிருந்து விளிம்பு வரை வளையங்களாகப் பிரித்துக்கொண்டு, அதன் முன்னால் வெட்டுத்துளைகள் கொண்ட அட்டையை நிறுத்தி, ஒவ்வொரு வளையத்துக்கும் இடத் துளையும் வலத் துளையும் ஒன்றுபோல இருளும் நிலையைத் திருகின் அளவில் குறிக்கிறோம். விளக்கும் அலகும் சேர்ந்தே நகரும் எங்கள் கருவியில், மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே முழுமையான பரவளையத்துக்கு வர வேண்டிய வேறுபாடு 1.17 மில்லிமீட்டர்; தேய்ப்பின் ஆழத்துக்கு வந்த அதே சூத்திரம்தான் இங்கும் வருகிறது. எது ஒன்றுபோல இருள்கிறது என்பதில் பார்ப்பவரின் கண்ணும் எதிர்பார்ப்பும் கலந்துவிடுகின்றன. முன்னவர் சொன்ன எண்ணைக் கேட்டுவிட்டால் அடுத்தவரின் கை தானாகவே அந்த எண்ணருகே போய் நின்றுவிடும். அதனால் ஒவ்வொருவரும் தம் அளவைத் தனித் தாளில் எழுதி மடித்து வைக்கிறோம். மூவரும் முடித்த பிறகே ஆசிரியை தாள்களைப் பிரித்துச் சராசரி எடுக்கிறார். மூவரின் எண்களும் ஒரு வளையத்தில் மிகவும் விலகி நின்றால், அந்த வளையத்தை மறுநாள் மீண்டும் அளக்காமல் ஆடியைத் தொடுவதில்லை.

இப்போதைய நிலை இது: தேவையான திருத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வந்துவிட்டது, நடு வளையங்கள் ஒழுங்காக இருக்கின்றன, வெளி வளையம் மட்டும் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. விளிம்பு அளவுக்கு மேல் தேய்ந்து கவிழ்ந்திருக்குமோ என்ற அச்சம் இருந்தது. கத்திமுனையின் எதிர்ப்பக்க விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு உடையாமல் தெரிவதால், அந்த அச்சம் நீங்கியிருக்கிறது. அடுத்த அமர்வுகளில் வீச்சின் நீளத்தைக் குறைத்து, தேய்க்கும் நேரத்தையும் குறைத்து, ஒவ்வொரு முறையும் அளந்துவிட்டுத் தொடர இருக்கிறோம். வடிவம் சரியானதும் வெற்றிடக் கலனில் அலுமினியப் பூச்சுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பூச்சின் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர்தான், ஆகவே ஆடியின் வடிவத்தை அது மாற்றாது.

தாங்கியின் வேலையும் இணையாக நடக்கிறது. அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் டாப்சன் பரப்பிய எளிய மரப்பெட்டித் தாங்கியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம்: கீழே சுழலும் தட்டு, மேலே குழல் ஏறி இறங்கும் இரு பக்கச் சட்டங்கள், உராய்வுக்கு டெஃப்லான் துண்டுகள். ஒட்டுப்பலகையில் சட்டங்கள் வெட்டி முடிந்துவிட்டன. குழலின் சமநிலைப் புள்ளியை ஆடியின் எடை சேர்ந்த பிறகுதான் குறிக்க முடியும் என்பதால், குழல் ஏறி இறங்க உதவும் பக்க வட்டங்களை இன்னும் குழலோடு திருகாமல் வைத்திருக்கிறோம். வெளி வளையத்தின் அடுத்த அளவுகள் வந்ததும் அவற்றை இதே வரிசையில் எழுதுகிறேன்.