தாத்தாவின் நிக்கல் காசுகளுக்கு விலை கேட்டுப் போன அனுபவம்

சேலத்தில் யார் வீட்டில் பழைய காசு கிடைத்தாலும் முதலில் எடுத்துக்கொண்டு போவது செவ்வாய்ப்பேட்டைக்குத்தான். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த இடம், வெள்ளியா இல்லையா என்று நொடியில் சொல்லிவிடுவார்கள். என் அம்மாவைப் பெற்ற தாத்தா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். வாராவாரம் கூலிப் பட்டுவாடா அவர் கையால்தான் நடக்கும். அவர் எடுத்து வைத்திருந்த சில்லறை ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தது. மாமாவும் நானும் அதைத் தூக்கிக்கொண்டு தெரிந்த பட்டறைக்குப் போனோம்.

பட்டறைக்காரர் ஒரு 1947 ரூபாயை எடுத்து, பக்கத்தில் கிடந்த காந்தத்தைக் காட்டினார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "இது வெள்ளி இல்லீங்க தம்பி, நிக்கல். எங்க உலையில இது உருகாது" என்றார். உண்மைதான். வெள்ளி 962 டிகிரியில் உருகிவிடும், நிக்கலுக்கு 1,455 டிகிரி வேண்டும். மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு ஆர்வம் தொடங்கியதே அங்கேதான். மன்னர் தலை போட்ட ரூபாயை ஏன் நிக்கலில் அடித்தார்கள்?

இரண்டாம் உலகப் போர்தான் காரணம். அதற்கு முன்பு ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி இருந்தது. 1940இல் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் வெள்ளியைக் கடனாக வாங்கினார்கள், அதைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அதனால் 1946இல் கால் ரூபாயும் அரை ரூபாயும், 1947இல் முழு ரூபாயும் சுத்த நிக்கலுக்கு மாறின. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் நடந்துபோகும் புலி. ஒரு தோலா வெள்ளி ரூபாயின் எடையான 11.66 கிராமை அப்படியே வைத்துக்கொண்டு விட்டத்தை மட்டும் 28 மில்லிமீட்டராகச் சுருக்கினார்கள். 1950இல் குடியரசின் முதல் ரூபாய் வந்தபோது மன்னர் போய்ச் சிங்கத் தலை வந்தது, புலி போய்க் கோதுமைக் கதிர் வந்தது. உலோகம் மட்டும் மாறவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு டப்பாவைப் பிரிப்பது சுலபமாகிவிட்டது. முதல் சல்லடை காந்தம். பழைய ஓரணா, இரண்டணாக்கள் செம்பும் நிக்கலும் கலந்தவை, மூன்று பங்கு செம்புக்கு ஒரு பங்கு நிக்கல், அதனால் காந்தத்தில் ஒட்டாது. எழுபதுகளின் நடுவில் வந்த ஐம்பது பைசாவும் அதே கலவைதான். ஆனால் ஒட்டுவதெல்லாம் நிக்கல் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, இப்போதைய ஸ்டீல் காசும் ஒட்டும். அதனால் கையோடு ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் வேண்டும். 1962 முதல் வந்த நிக்கல் ரூபாய் 10 கிராம், ஐம்பது நயா பைசா 5 கிராம், இருபத்தைந்து நயா பைசா 2.5 கிராம். எடை தள்ளிப்போனால் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

அப்புறம், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று சொல்லும், ஆண்டுக்குக் கீழே இருக்கும் குறி. வைரம் போலிருந்தால் பம்பாய், நட்சத்திரம் என்றால் ஐதராபாத், ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. ஒரே ஆண்டுக் காசு ஒரு நாணயச்சாலையில் கோடிக்கணக்கிலும் இன்னொன்றில் கொஞ்சமாகவும் அடிக்கப்பட்டிருக்கலாம். சேகரிப்பவர்கள் தேடுவது அந்தக் கொஞ்சத்தைத்தான்.

நான் அதிக நேரம் செலவழித்தது லென்ஸோடுதான். ஜன்னலோரம் உட்கார்ந்து புலியின் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசில் வரிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து புலி வழவழவென்று ஆகியிருக்கும். புழங்காத காசில் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக நிற்கும், ஓரத்திலிருந்து வெளிச்சம் விழும்போது காசின் பரப்பில் ஒரு மினுக்கம் சுற்றி ஓடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விலை இருக்கிறது. நிக்கல் காசில் உலோகத்துக்கென்று பெரிய மதிப்பு கிடையாது, வயதுக்கும் கிடையாது. நிலைமைக்குத்தான் காசு. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. பழசு என்றாலே லட்சம் என்று நம்பிக்கொண்டு, நல்ல நிலையில் இருப்பதைப் புளி போட்டுத் தேய்த்துக் கெடுத்துவிடுகிறார்கள். எங்கள் அத்தையும் "கொண்டா கண்ணு, சபீனா போட்டு வெளுத்துத் தர்றேன்" என்று வந்தார். கையைப் பிடித்துத் தடுத்தேன். தேய்த்த காசில் மயிரிழைக் கீறல்கள் விழும், லென்ஸ் வைத்ததும் தெரிந்துவிடும், விலை அங்கேயே பாதியாகிவிடும்.

இதற்கு நடுவில் மாமாவுக்கு ஒரு போன் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ரூபாய்க் காசுக்கு மூன்று லட்சம் தருவதாகவும், வரியும் கமிஷனும் முதலில் கட்ட வேண்டும் என்றும் பேசினார்கள். பேச்சில் ரிசர்வ் வங்கியின் பெயரும் வந்தது. பழைய நாணயம் வாங்கவோ விற்கவோ தன் பெயரில் யாரையும் நியமிக்கவில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். போனை வைத்துவிட்டார். வாங்குபவர்தான் பணம் தர வேண்டும், விற்பவர் எதற்கு முன்பணம் கட்டுவது?

கடைசியில் விற்றது, டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சியில். ஒரே மேஜையில் கொட்டாமல் நாலு பேரிடம் விலை கேட்டோம். எல்லோரும் ஒரே வரிசையில்தான் பிரித்தார்கள். நேரு படம் போட்ட 1964 ரூபாயும், காந்தி நூற்றாண்டான 1969 ரூபாயும் நாட்டின் ஆரம்பகால நினைவு நாணயங்கள்தான், ஆனால் ஏராளமாகக் கிடைப்பதால் தேய்ந்ததற்குப் பெரிய விலை இல்லை. தேய்ந்த 1947க்கு நூறு ரூபாயை ஒட்டியே பேசினார்கள். வரி தெளிவாக நின்ற புலிக்குப் பல மடங்கு சொன்னார்கள். 1950 ரூபாயில் பளபளப்பு போகாமல் இருந்த ஒன்றுக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். மொத்தத்தில் சில ஆயிரங்கள் வந்தன. மாமாவும் அம்மாவும் சித்தியும் பிரித்துக்கொண்டார்கள்.

வாங்கியவர் சதுரமான செம்பு நிக்கல் இரண்டணாக்களைத் திருப்பித் தந்துவிட்டு, "எட்டணா இருக்குதுங்களா?" என்று கேட்டார். 1919, 1920 என்று இரண்டே ஆண்டுகள் அடிக்கப்பட்ட செம்பு நிக்கல் எட்டணா அது, கிடைப்பது அரிது. எங்கள் டப்பாவில் இல்லை. ஏற்காட்டு வீட்டில் இன்னும் திறக்காத இரண்டு ட்ரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. பனி இறங்குவதற்குள் அவற்றையும் பார்த்துவிடலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார், தராசையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு நானும் போகிறேன்.