ரோத் ஸ்வைக்குக்கு எழுதுன லெட்டருங்க

ரெண்டு வாரமா பஸ்ல போறப்ப வர்றப்ப எல்லாம் ஆஸ்திரிய யூத எழுத்தாளர் யோசஃப் ரோத்தோட லெட்டருங்கதான் படிச்சிட்டிருக்கேன், இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல. அதுலயும் அவரோட நண்பர், இன்னொரு ஆஸ்திரிய யூத எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்குக்கு எழுதுனத விட்டு வெளிய வரவே முடியல.

1933 ஜனவரி 30, ஹிட்லர் சான்சலர் ஆன அன்னிக்கே ரோத் பெர்லின விட்டு பாரிஸுக்கு ரயிலேறிட்டார். பிப்ரவரி நடுவுல ஸ்வைக்குக்கு எழுதுறார்: பெரிய அழிவு வருது, நம்ம உசுருக்கு காலணா கூட பந்தயம் கட்ட மாட்டேன், உங்கள நீங்களே ஏமாத்திக்காதீங்க, நரகம்தான் ஆட்சி நடத்துது. பிப்ரவரியிலயேங்க! பெர்லின்ல நாஜிங்க புக்கெல்லாம் போட்டு கொளுத்துனதே மே 10தான்.

ஸ்வைக் 13 வயசு மூத்தவர், ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க்ல குன்னு மேல வீடு, உலகம் பூரா பேரு, ஜெர்மனியில பப்ளிஷர், அவசரப்பட வேணாம் பொறுத்துப் பாப்போம்ங்கிற ஆளு. ரோத்தால அதத்தான் தாங்க முடியல. நவம்பர்ல நேராவே எழுதிட்டார், ஒண்ணு ஹிட்லர் ஜெர்மனியோட சகவாசத்த முறிங்க, இல்லன்னா என்னோட முறிங்கன்னு. அப்பறம் 1934 பிப்ரவரியில ஆயுதம் ஒளிச்சு வெச்சிருக்காரான்னு போலீஸ் ஸ்வைக் வீட்டுக்குள்ளயே வந்து தேடுச்சு, கொஞ்ச நாள்லயே அவரும் லண்டனுக்குக் கெளம்பிட்டார்.

நாட்டுக்கு என்ன நடக்கப்போகுதுன்னு அவ்ளோ தெளிவா பாத்த ரோத்தால தன்னோட டம்ளர கீழ வைக்க முடியல. ஸ்வைக் பணமும் அனுப்புறார், குடிக்காதீங்கன்னு கெஞ்சவும் செய்யுறார். ரோத் சொல்ற பதில் இருக்கே, குடி ஆயுச குறைக்கும்தான், ஆனா இப்பவே சாகாம தடுக்குதுன்னு. அந்த வரிய படிச்சிட்டு ஸ்டாப்ப விட்டுட்டு ரெண்டு ஸ்டாப் தள்ளி எறங்கி நடந்து வந்தேன். வீடு இல்ல, ஹோட்டல் ரூம்தான், எழுதுறது கஃபே டேபிள்ல, மனைவி ஃப்ரீடல் ஆஸ்திரியாவுல மனநல ஆஸ்பத்திரியில. கோவம், பணக்கஷ்டம், பாசம் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது அந்த லெட்டருங்கள்ல, ஒருத்தர்கிட்ட கையேந்திட்டே அவர அதட்டுறதுக்கு எவ்ளோ உரிமை வேணும்! ஸ்வைக்கும் அதுக்காக உதவிய நிறுத்தல. எனக்கு ரெண்டு பேருமே சரியாதான் சொல்லிருக்காங்கன்னு தோணுது, தனக்கு சொல்லிக்க முடியாதத அடுத்தவருக்கு சொல்லிருக்காங்க.

1936 கோடையில பெல்ஜியத்துல ஓஸ்டெண்ட் கடற்கரையில கொஞ்ச நாள் ஒண்ணா இருந்தாங்க. அப்பறம் மறுபடி லெட்டர்தான்.

1939 மே மாசம், இன்னொரு அகதி எழுத்தாளர் எர்ன்ஸ்ட் டோலர் நியூயார்க்ல தற்கொலை பண்ணிக்கிட்டார்னு கேட்டு ரோத் மயங்கி விழுந்தார். 27ஆம் தேதி ஆஸ்பத்திரியில போயிட்டார், வயசு 44. ஃப்ரீடல 1940ல நாஜிங்க கொன்னுட்டாங்க. 1942 பிப்ரவரியில பிரேசில்ல பெட்ரோபொலிஸ்ல ஸ்வைக்கும் மனைவி லோட்டேவும் விஷம் குடிச்சிட்டாங்க.

இவ்ளோ சண்டை, இவ்ளோ பாசம், அப்பவும் ஜெர்மன் மூலத்துல ரோத் ஒரு தடவ கூட 'நீ'ன்னு எழுதல. 'நீங்க'தான்.