ஹாம் ரேடியோ தேர்வு: லைட்டர் சாக்கெட்டில் நான் படித்த ஓம் விதி

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலி நிலையம் நடத்தும் உரிமத்துக்கான ஏ.எஸ்.ஓ.சி. (அமெச்சூர் நிலைய இயக்குபவர் சான்றிதழ்) தேர்வில் ரேடியோ தியரி, விதிமுறைகள் என இரண்டு பகுதிகள். விதிமுறைகளையும் கியூ கோடுகளையும் (Q-வில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்) தினமும் எழுதிப் பார்த்தாலே மனதில் நின்றுவிடும். தியரி அப்படியில்லை. நான் பி.காம். படித்தவன். ஓம் விதியை ஒப்பிக்கத் தெரிந்தது, கணக்கென்று வந்தால் கை நின்றுவிடும்.

அது பிடிபட்டது தண்டையார்பேட்டையில், சித்தப்பாவின் பழைய வேனில்தான். அவர் உரிமம் வாங்கிப் பல வருடம் ஆகிறது. 2 மீட்டர் அலைவரிசையில் பேசும் ரேடியோ செட் ஒன்றை வேனின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி வைத்திருந்தார். கேட்பதெல்லாம் தெளிவாகக் கேட்கும். பேசுவதற்கான பி.டி.டி. பட்டனை அழுத்தினால் செட் அணைந்து மறுபடி எரியும். சாக்கெட்டில் மீட்டர் வைத்தேன், 12.5 வோல்ட். “கரன்ட் சரியாதான் வருது சித்தப்பா, செட்டுலதான் கோளாறு” என்றேன்.

“சும்மா இருக்கும்போது பார்த்தா எப்படிடா தெரியும்? நான் பேசும்போது பாரு” என்றார்.

முழு பவரில் செட் உடனே அணைந்துவிடும் என்பதால் பவரைக் குறைத்து வைத்து அழுத்தினார். அப்போது செட் இழுத்தது 8 ஆம்பியர். பேட்டரி முனையில் 12.2 வோல்ட், செட்டின் பின்பக்கம் 9.8. நடுவில் 2.4 வோல்ட்டைக் காணோம்.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள், தொடர் இணைப்புக் கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. பியூஸ், வயர், சாக்கெட்டின் நடு முனை, செட், பாடி எர்த் (மைனஸ் வயராகப் பயன்படும் வண்டியின் உலோக உடல்) எல்லாம் ஒரே வரிசை. எல்லாவற்றிலும் அதே 8 ஆம்பியர்தான் ஓடும், வோல்ட்தான் பங்கு பிரியும். மீட்டர் வயர் பேட்டரி வரை எட்டாததால் நீள வயர் ஒன்றை முறுக்கி இணைத்தோம். பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முனை, செட்டின் பிளஸ்ஸில் மறுமுனை: 0.5 வோல்ட். மைனஸ் பக்கம் அதேபோல: 1.9. நோட்டில் எழுதிக் கூட்டினேன். 9.8, 0.5, 1.9 சேர்ந்தால் 12.2. பாடத்தில் கிர்க்காஃப் விதி என்று படித்தது இதுதான் என்று அந்த நிமிஷம் புரிந்தது.

குறை மைனஸ் பக்கம் என்று தெரிந்துவிட்டது. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், எர்த் வயரின் வளையத்தில் பச்சைக் களிம்பு. காசிமேடு பக்கம் தினமும் போய்வரும் வண்டி, உப்புக்காற்று விடுமா? ஓம் விதிப்படி வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும்: 1.9ஐ 8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.24 ஓம். மீட்டரின் சொந்த வயருக்கே அவ்வளவு ஓம் இருக்கும், அதனால் ஓம் அளந்திருந்தால் சிக்கியே இருக்காது. ஆனால் 1.9 வோல்ட்டை 8 ஆம்பியரால் பெருக்குங்கள்: 15 வாட்டுக்கு மேல் சூடு, அந்தச் சின்ன வளையத்தில். தொட்டேன், சுட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். மைனஸ் பக்க இழப்பு 0.1க்கு இறங்கியது, முழு பவரிலும் செட் நின்று பேசியது.

படிக்கிறவர்கள் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள், வழிகாட்டி நூலுக்கு அடுத்த செலவு அதுவாக இருக்கட்டும். உரிமம் வரும்வரை பி.டி.டி.யைத் தொட வேண்டாம். 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றை லோடாகக் கொடுத்தாலே இதே சோதனையைச் செய்யலாம். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும்.

பியூஸ் பற்றியும் கேட்பார்கள். பியூஸ் காப்பாற்றுவது வயரை. 15 ஆம்பியர் அடிக்கடி போகிறதே என்று 20 போட்டால் அடுத்து எரிவது வயர்தான். 5 வாட் கைச் செட்டுக்கு லைட்டர் சாக்கெட் போதும். பெரிய செட்டுக்கு பேட்டரியிலிருந்தே தடித்த வயர் இழுத்து, பேட்டரி அருகிலேயே பியூஸ் வையுங்கள். நாங்களும் அடுத்த வாரமே அப்படி மாற்றிவிட்டோம்.

அப்புறம், மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரியில் செருகிப் பார்க்க நினைத்தால் முதலில் மீட்டர் வையுங்கள். சாக்கெட் அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்த லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் செட் தாங்காது.