கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல்

வீடு கட்டியபோது, அறைகளுக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் போதும் என்று விட்டுவிட்டுக் கூடத்துக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல்லைத் தேர்ந்தெடுத்தோம். செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியில் செய்யப்படும் இந்தக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடியைப் பிரித்தெடுக்கும்போது அதன் வழவழப்பு கல்லில் அப்படியே படிந்திருக்கும்.

மேற்பரப்பு சிமெண்டு என்பதால் புளிப்பு இதற்கு ஆகவே ஆகாது. சென்ற ஆண்டு சாப்பாட்டு மேசையருகே சிந்திய ரசத்தை உடனே துடைக்காமல் விட்டதில், சிவப்புப் பூவின் ஓர் இதழ் இன்றும் வெளிறித்தான் கிடக்கிறது. அதைவிடப் பெரிய தவறு, குடிபுகுமுன் சிமெண்டுக் கறையை நீக்குவதாகச் சொல்லி வேலையாள் ஆசிட் ஊற்றியதைத் தடுக்காமல் இருந்தது. வாசலோரம் இரண்டு வரிசைக் கற்கள் சொரசொரத்துப் போயின. (அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.)

தினமும் வெறும் தண்ணீரில் துடைப்பதும், அவ்வப்போது துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்ப்பதும் போதுமானவை. எண்ணெய் அதிகமானால் வழுக்கும். வயதானவர்கள் உள்ள வீட்டில், தேய்த்தபின் உலர்ந்த துணியால் ஒருமுறை அழுந்தத் துடைத்துவிட வேண்டும்.