கண்ணாடி மணியின் இரு வாய்கள்

சுடரில் உருக்கிச் செய்த கண்ணாடி மணியைக் கையில் எடுப்பவர்கள் நிறத்தையும் கோலத்தையும் கவனிப்பார்கள். நான் துளையின் இரு வாய்களையே முதலில் பார்ப்பேன். கண்ணாடி உள்நோக்கிக் குழிந்து, விரலுக்கு விளிம்பே தட்டுப்படாவிட்டால் அது பொறுமையாகச் செய்த மணி. விளிம்பு கூர்மையாக இருந்தால், எத்தனை அழகான மணியும் தன்னைக் கோத்த நூலையே அறுத்துவிடும்.

அந்தக் குழிவு முதல் சுற்றிலேயே தீர்மானமாகிறது. களிமண் கலவை பூசி உலர்த்திய உருக்குக் கம்பியை ஒரு கையால் உருட்டிக்கொண்டே, மறு கையிலுள்ள கண்ணாடிக் கோலின் நுனியை உருக்கிச் சுற்றும்போது, முதலில் படியும் பட்டையின் அகலமே துளையின் நீளமாகிறது. அந்த அகலம் மாறாதவாறு நடுப்பகுதியில் மட்டும் கண்ணாடியைச் சேர்த்துக்கொண்டே போனால், பரப்பிழுவிசை அதனை உருண்டையாகத் திரட்டி, முனைகளைத் தானாகவே உள்ளே மடிக்கும். கண்ணாடி போதாவிட்டால் மணி பீப்பாய் போல நின்றுவிட, முனைகள் மெல்லிய தகடாகக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். கம்பி சற்றுச் சாய்ந்தாலும் கண்ணாடி தாழ்ந்த பக்கமே ஓடும்.

பழைய துறைமுகங்களான மன்னார்ப் பக்கத்து மாந்தையிலும் புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டிலும் கிடைத்த பழைய சிறுமணிகள் பெரும்பாலும் நீண்ட குழாயாக இழுத்து நறுக்கப்பட்டவை. செய்முறை வேறாயினும், நறுக்கிய விளிம்பை மீண்டும் சூடேற்றி மழுக்கிய அந்தக் கைகளின் அக்கறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இரு கூம்புகளை அடியோடு அடி சேர்த்தாற்போன்ற இருகூம்பு முதலிய வடிவங்களுக்கு, கண்ணாடியின் செவ்வொளி மங்கும்வரை காத்திருந்து கிராஃபைட் தட்டில் சாய்வாக உருட்ட வேண்டும். முன்னதாக அழுத்தினால் வடிவம் கோணும். பிந்தினால் வெடிப்பு விழும். தட்டின் சுவடுகளைச் சுடரில் இலேசாகக் காட்டி மறைக்கும்போது, சூட்டை நடுவுக்கே கொடுத்து முனைகளைக் காப்பது என் வழக்கம்.

ஹற்றன், நுவரெலியா போன்ற ஊர்களில் தை மாதக் குளிர் இந்த வேலைக்குப் பெரும் சோதனை. குளிர்ந்த கோலை நேரே சுடருக்குள் நீட்டினால் நுனி சிதறித் தெறிக்கும். ஆகவே கோல்களை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி, சுடரின் வெளிப்புறத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவர வேண்டும். சாளரத்தைத் திறந்து வைக்காமல் எரிவாயுச் சுடரில் வேலை செய்யக் கூடாது என்றாலும், சாளரக் காற்று மணியின்மேல் நேரடியாகப் படாதவாறு மேசையை அமைத்துக்கொள்வது நல்லது. முடிந்த மணி உடனே சூளைக்குள் போக வேண்டும். இத்தாலியின் முரானோத் தீவு வகை மென் கண்ணாடியைச் சுமார் 510 பாகை செல்சியஸில் வைத்திருந்து படிப்படியாக ஆற்றினால்தான் உள்ளே தங்கிய இறுக்கம் தளரும்.

ஆறிய பின் கம்பியைக் கழற்றி, துளையில் மிஞ்சிய பூச்சைத் தண்ணீரில் நனைத்தபடியே தேய்த்தெடுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு.